ஒட்டிப் போய் எட்டி வருகிறவர்

என் அண்ணனை இங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பூட்டு என்பார்கள். நேரில் பேசும்போது மட்டும் மரியாதைக்கு ஒரு சார் சேர்த்துக்கொள்வார்கள். பூட்டு சார் நாளைக்குக் கடலுக்குப் போறாரா என்று போனில் கேட்பார்கள். போறாரு என்று நானும் கூசாமல் பதில் சொல்வேன். யார் வைத்த பெயரோ தெரியாது. வைத்தவர் கையில் கிடைத்தால் ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம், அப்படி ஒரு பொருத்தம்.

சின்ன வயதிலேயே அவர் அப்படித்தான். ரப்பரை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்பார். பரீட்சையில் தேறினாரா இல்லையா என்பதை எங்கள் அம்மா பக்கத்து வீட்டில் விசாரித்துத் தெரிந்துகொள்வாள். அண்ணியிடம் பேசி எல்லாம் முடிவு செய்த பிறகுதான் வீட்டுக்கு வந்து, எனக்குப் பெண் பார்க்கலாமா என்று ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டார். இப்படிப்பட்ட மனிதருக்கு, முன்பின் தெரியாதவர்களைக் கூட்டிக்கொண்டு போய் மீன் பிடிக்கும் இடத்தைக் காட்டுகிற தொழில் எப்படி அமைந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் கரை முழுக்கப் பாறை. மணல் என்று பார்த்தால் எங்கள் கொட்டகை இருக்கிற இந்தச் சின்ன வளைவு மட்டும்தான். மற்ற இடமெல்லாம் செங்குத்தாக எழுந்து நிற்கிற கல், அதன் காலடியில் உடைந்து விழுந்த கற்கள், அவற்றுக்கு நடுவே சந்துசந்தாகத் தண்ணீர். பெரிய படகுக்காரர்கள் கிட்டே வரப் பயப்படுவார்கள். மீன்களுக்கும் அது தெரியும் போலிருக்கிறது, எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. மூடப்போன ஒரு விடுதியிலிருந்து அண்ணன் பழைய கயாக் ஒன்றை வாங்கினார். ஒரு ஆள் மேலே உட்கார்ந்து, இரண்டு முனையிலும் துடுப்பு வைத்த கம்பால் தள்ளிக்கொண்டு போகிற பிளாஸ்டிக் ஓடம். அதை அந்தச் சந்துகளுக்குள் நுழைத்துத் தூண்டில் போட்டார். அவர் தூக்கிக்கொண்டு வந்த மீன்களைப் பார்த்தவர்கள் எங்களையும் கூட்டிப்போங்கள் என்று ஆரம்பித்தார்கள். ஒரு கயாக் பல ஆயிற்று, ஒரு கொட்டகை வந்தது, நாங்கள் குடும்பத்தோடு அதில் இறங்கினோம்.

அவரிடம் வருகிறவர்கள் முதலில் ஒரு விசாரணையைத் தாண்ட வேண்டும். நீச்சல் தெரியும் என்று வாயால் சொன்னால் நம்பமாட்டார். இடுப்பளவுத் தண்ணீரில் கயாக்கைக் கவிழ்க்கச் சொல்லி, மறுபடி ஏறி உட்காரச் சொல்லிப் பார்த்த பிறகுதான் கூட்டிப்போவார். அடுத்தது செல்போன். எல்லாருடையதையும் வாங்கி, ஒரு நீலப் பீப்பாயில் போட்டு மூடி, தன் கயாக்கின் பின்னால் கட்டிக்கொள்வார். நனைந்துவிடும் என்பது வெளியே சொல்லும் காரணம். போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு நாளைக்கு இவன் தனியாக வந்துவிடுவான் என்பது உள்ளே இருக்கும் காரணம். போதாததற்குப் பாறைகளின் பெயரையும் மாற்றிச் சொல்வார். ஒரே பாறை ஒருவருக்குக் குதிரை, இன்னொருவருக்கு அடுப்பு, அடுத்த வாரம் வருகிறவருக்குத் தொப்பி. குதிரையில்தான் மீன் அதிகம், இல்லை அடுப்பில்தான் அதிகம் என்று இரண்டு வாடிக்கையாளர்கள் டீக்கடையில் சண்டை போட்டுக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன்.

பாறைகளின் உண்மைப் பெயரெல்லாம் தெரிந்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். கல்யாணமாகிப் பல வருடம் கூட வைத்துப் பார்த்த பிறகு, அண்ணன் ஒருநாள் அவரைத் தனியாகக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினார். அன்றைக்கு இவர் வீட்டுக்கு வந்த தோரணையைப் பார்த்திருக்க வேண்டும், ஏதோ மகுடம் சூட்டி அனுப்பியதுபோல் இருந்தது. அவரிடமிருந்து பாதிப் பெயர்களை நான் கறந்துவிட்டேன். அது அண்ணனுக்குத் தெரியாது.

தண்ணீரில் அவர்களுக்குள் வேலைப் பிரிவு இருந்தது. அண்ணன் முதல் கயாக். வந்தவர்கள் நடுவில். என் வீட்டுக்காரர் கடைசிக் கயாக். முதலில் போகிறவர் கடலைப் பார்க்க வேண்டும், கடைசியில் வருகிறவர் ஆட்களைப் பார்க்க வேண்டும். நான் கரையில் இருந்து போன் பேசுவது, லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது, திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுவது. ஆரம்ப காலத்தில் நானும் துடுப்புப் போட்டவள்தான். இடுப்பு வலி வந்த பிறகு கரையில் தங்கிவிட்டேன்.

சந்தேகத்தை முதலில் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே, உன் அண்ணன் என்கிட்ட எதையோ மறைக்கிறாரு என்றார். நான் சிரித்துவிட்டேன். மீன் நீந்துகிறது என்று யாராவது செய்தி சொல்வார்களா? ஆனால் அவர் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

விஷயம் இதுதான். கொட்டகையிலிருந்து இறங்கி அவர்கள் வலப்பக்கம் திரும்புவார்கள். போகும்போது பாறைகள் வலது கையோரம் இருக்கும், திரும்பும்போது இடது கையோரம். இத்தனை காலமும் போகும்போதும் வரும்போதும் பாறையை ஒட்டியேதான் வந்தார்கள். சொல்லப்போனால் வரும்போதுதான் மீன் அதிகம். வெயில் பாறைக்குப் பின்னால் இறங்கி, நிழல் தண்ணீரில் விழுந்திருக்கும். இப்போது கொஞ்ச காலமாக அண்ணன் போகும்போது ஒட்டிப் போகிறார், வரும்போது எட்டி வருகிறார். பாறையை எங்கோ தூரத்தில் விட்டுவிட்டுத் திறந்த கடலில் வருகிறார். கேட்டால் காற்று என்கிறார். காற்றே இல்லாத நாளில் கேட்டால், வந்தவங்க கடலையும் பாக்கட்டுமே என்கிறார்.

"கடலைப் பாக்கணும்னா கரையில உக்காந்து பாக்கலாமே," என்றார் என் வீட்டுக்காரர். "திரும்பி வர்ற வழியில புதுசா ஒரு இடம் கண்டுபிடிச்சிருக்காரு. என் கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு எட்டக் கூட்டிட்டு வர்றாரு."

தூண்டில் பிடித்தவர் புத்தி வேறு எங்கே போகும்? இந்தத் தொழிலில் ஒருவர் ஒரு இடத்தைத் தவிர்க்கிறார் என்றால் அங்கே எதையோ பதுக்கியிருக்கிறார் என்றுதான் அர்த்தம். எனக்கும் அது சரியென்று பட்டது. இன்னொன்றும் சொன்னார். முன்பெல்லாம் வந்தவர்கள் அண்ணனுக்கு இரண்டு பக்கமும் பரவலாக வருவார்கள். இப்போது யாரும் இடப்பக்கம் வரக்கூடாது, எல்லாரும் வலப்பக்கம்தான் என்று புதுச் சட்டம் போட்டிருக்கிறார். இடப்பக்கம் என்ன, புதையலா இருக்கிறது?

ஒருவர் சந்தேகத்தை ஊதிவிட்டால் பிறகு எதைப் பார்த்தாலும் அதுவாகத்தான் தெரிகிறது. அன்றிலிருந்து நான் அண்ணனைக் கவனிக்க ஆரம்பித்தேன். முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கொட்டகையில் நான் பக்கத்தில் நின்று ஏதாவது கேட்டால், எங்கோ பார்த்துக்கொண்டு பதில் சொல்கிறார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. சம்பாதிக்க ஆரம்பித்ததும் வந்த திமிர் என்று நினைத்தேன், பிறகு சம்பாதிக்க ஆரம்பித்து எத்தனையோ காலம் ஆயிற்றே என்றும் நினைத்தேன்.

வேலையில்லாத நாட்களில் பஸ் ஏறி டவுனுக்குப் போய்விட்டு வருவார். எங்கே என்றால் பல் வலி என்பார். டவுனில் இருக்கிற ஒரே பல் டாக்டர் எங்களுடைய பழைய வாடிக்கையாளர். மாதம் தவறாமல் மீன் பிடிக்க வருகிறவர், பிடித்ததைவிடப் பேசுவது அதிகம். அடுத்த முறை வந்தபோது, அண்ணனுக்கு இப்போது பல் எப்படி இருக்கிறது என்று நைசாகக் கேட்டேன். அவர் வாயை நான் பார்த்ததே இல்லையே, அவர்தான் வாயைத் திறக்கவே மாட்டாரே என்று டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் சொல்கிறார் என்பது உறுதியாகிவிட்டது, எதற்கு என்பதுதான் பாக்கி.

அதற்கும் பதில் கிடைத்ததுபோல ஒரு நாள் கண்ணால் கண்டேன். எங்கள் கரைக்கு வடக்கே மேட்டில் ஒரு பெரிய விடுதி இருக்கிறது. அவர்களும் புதிதாகக் கயாக் வாங்கி அடுக்கியிருந்தார்கள், ஆனால் எங்கே போய் மீன் பிடிப்பது என்று தெரிந்த ஆள் அவர்களிடம் இல்லை. அந்த விடுதி மேனேஜரின் காரிலிருந்து அண்ணன் கடைத்தெரு முனையில் இறங்கினார். மேனேஜர் கை கொடுத்தார். அண்ணன் அதைப் பிடித்து ரொம்ப நேரம் விடவே இல்லை. பிறகு எங்கள் தெருப்பக்கம் நடந்து வந்தார், ஜவுளிக்கடை வாசலில் நின்றிருந்த என்னைத் தாண்டிப் போனார். கை நீட்டினால் தொடுகிற தூரம். பார்க்காததுபோல் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் முகம் சுண்டிப்போயிற்று. அவ்வளவு வருடம் கூட இருந்து கடைசிக் கயாக்கில் வந்த ஆளை விட்டுவிட்டு, பாறைகளை விடுதிக்கு விற்கப் போகிறார் என்று இருவரும் முடிவு கட்டினோம். அப்படி நடந்தால் எங்களுக்கு அந்தக் கொட்டகையும் உப்புத் தண்ணீரும்தான் மிச்சம்.

அண்ணியிடம் கேட்டுப் பார்த்தேன். அண்ணி தையல்காரி, கயாக் இருக்கைகளுக்கு உறை தைப்பதும் அவர்தான். கேட்டதற்கு மெஷினை நிறுத்தாமலே, உங்க அண்ணனையே கேளு என்றார். அவர் வாயிலும் பூட்டு. ஆனால் ஒன்று கவனித்தேன். கடைக்குப் போனாலும் வேறெங்கே போனாலும் அண்ணி இப்போதெல்லாம் அண்ணனின் இடப்பக்கத்தில், அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒட்டி நடக்கிறார். முன்பு பையைத் தூக்கிக்கொண்டு பத்தடி பின்னால் வருகிறவர். இந்த வயதில் இது என்ன புதுக் கொஞ்சல் என்று அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். பெரிதாக எதுவோ கைக்கு வரப்போகிறது, அதுதான் இருவருக்கும் இந்த நெருக்கம் என்று தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரும் இன்னும் சிலரும் வந்திருந்தார்கள். முந்தின நாளே என் வீட்டுக்காரர் ஒரு திட்டம் சொன்னார். திரும்பும்போது கடைசியிலிருந்து நழுவிப் பாறையோரம் போய்ப் பார்த்துவிடுகிறேன் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசிக் கயாக் தன் இடத்தை விட்டு நகரக்கூடாது, யாராவது கவிழ்ந்தால் யார் பார்ப்பது? நீங்க உங்க இடத்துல இருங்க, நான் போய்ப் பாக்கறேன் என்றேன். இடுப்பு வலி என்றார். இந்த வயிற்றெரிச்சலைவிட இடுப்பு வலி தேவலை என்றேன்.

அவர்கள் போய்ப் பொழுது உச்சியைத் தாண்டிய பிறகு, பழைய கயாக் ஒன்றை இறக்கினேன். வலப்பக்கம் திரும்பி, பாறையை ஒட்டியே போனேன். கை பழக்கத்தை மறக்கவில்லை. ஒவ்வொரு சந்திலும் நுழைந்து எட்டிப் பார்த்தேன், தூண்டிலும் போட்டேன். புதிய இடம் எதுவும் இல்லை. அதே பழைய பாறைகள், அதே பழைய மீன்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே முதுகை மறைத்துக்கொண்டிருக்கிற பாறை ஒன்று அங்கே உண்டு. சாதாரண அலை அதன்மேல் சத்தமில்லாமல் வழுக்கிப் போகும். பெரிய அலை வந்தால் மட்டும் வெள்ளையாக வெடிக்கும். அதன் உண்மைப் பெயர் தூங்குமூஞ்சி. அது எழுந்துகொள்ளும் நேரம் கிட்டே இருக்கக்கூடாது என்பது எங்கள் மூவருக்கும் மனப்பாடம். அதையும் தள்ளி நின்று பார்த்தேன். ஒரு புதையலும் இல்லை.

அப்போது அவர்கள் தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். எப்போதும்போல எட்ட, திறந்த கடலில். அண்ணன் முன்னால். வந்தவர்கள் எல்லாம் அவருக்கு வலப்பக்கம். என் வீட்டுக்காரர் ரொம்பப் பின்னால், யாருடைய தூண்டில் நரம்போ சிக்கியதைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் நேரே அண்ணனை நோக்கித் துடுப்புப் போட்டேன். ஒளிந்து பார்த்தது போதும், நேருக்கு நேர் கேட்டுவிடுவோம் என்று ஒரு வேகம்.

பாறைப் பக்கமிருந்து போனேன், அதாவது அவருடைய இடப்பக்கமிருந்து. துடுப்பைத் தூக்கிக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. சரி, கோபம், பேசாமல் போகிறார் என்று நினைத்தேன். இன்னும் கிட்டே போனேன். இரண்டு கயாக்கும் பக்கம் பக்கமாக, துடுப்பு இடிக்கிற தூரத்தில் போய்க்கொண்டிருந்தன. அண்ணன் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அவர் பாடுகிறார் என்பது கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. என் அண்ணன் பாடி நான் கேட்டதே இல்லை. மனிதர்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டுமே பாடக்கூடியவர் அவர்.

நான் கையை ஆட்டினேன். பாட்டு நிற்கவில்லை. இடது கண் திறந்துதான் இருந்தது. என் பக்கம்தான் இருந்தது. அதில் நான் இல்லை.

ஜவுளிக்கடை வாசல், திரும்பாத முகம், அண்ணியின் கை, எட்டி வருகிற வழி, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பின்தங்கினேன்.

அந்த நேரத்தில்தான் பல் டாக்டரின் தூண்டிலில் பெரிய மீன் ஒன்று மாட்டியது. மாட்டிய மீன் பாறையை நோக்கித்தான் ஓடும். டாக்டரின் கயாக்கை இழுத்துக்கொண்டு அண்ணனுக்குப் பின்னால் குறுக்கே கடந்து, இடப்பக்கம் வந்து, அப்படியே தூங்குமூஞ்சியைப் பார்த்துப் போயிற்று. டாக்டர் கடலையும் பார்க்கவில்லை, பாறையையும் பார்க்கவில்லை. வளைந்த தூண்டிலைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். வெளியே கடலில் பெரிய அலைகள் வரிசையாக எழுந்து வருவது எனக்குத் தெரிந்தது.

"அண்ணே, இடது பக்கம் பாருங்க, டாக்டர் போறாரு," என்று கத்தினேன்.

என் குரல் அங்கே எப்படி வந்தது என்றுகூட அவர் கேட்கவில்லை. தலையையும் திருப்பவில்லை. "பாத்துட்டேன், பாத்துட்டேன்," என்றார். முன்னால் பார்த்தபடியே துடுப்புப் போட்டுக்கொண்டு போனார்.

அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டபோது வந்த பயம் அலையைப் பார்த்தபோதுகூட எனக்கு வரவில்லை. நான் டாக்டரை நோக்கிப் போனேன். எப்படிப் போனேன் என்று இடுப்பைத்தான் கேட்க வேண்டும். கத்தியை எடுத்து நரம்பை அறுத்தேன், அவர் கயாக்கின் மூக்கைப் பிடித்துக் கடல் பக்கம் திருப்பினேன், துடுப்புப் போடுங்க என்று அவரை ஒருமையில் திட்டாத குறையாக விரட்டினேன். முதல் அலை எங்களைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய் எங்களுக்குப் பின்னால் வெடித்தது. தண்ணீர் தலைமேல் கொட்டியது. திரும்பிப் பார்த்தபோது டாக்டர் இருந்த இடம் முழுக்க நுரையாக இருந்தது.

கரைக்கு வந்ததும் டாக்டர் என்னிடம் நன்றி சொல்லவில்லை. அந்த மீன் எவ்வளவு பெரியது தெரியுமா என்று கையை விரித்து விரித்துக் காட்டினார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை, அவர் அதை மட்டும்தான் பார்த்தார். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து மற்ற எல்லாவற்றையும் பார்த்திருந்தார். வந்தவர்கள் காரில் ஏறிப் போகிறவரை பொறுத்திருந்தார்.

அண்ணன் கொட்டகையில் கயாக்குகளின்மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அவருடைய வலப்பக்கம் போய் நின்று, டாக்டர் போனதைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன், கொஞ்சம் ஒதுங்கிட்டாரு, தங்கச்சி பார்த்துக்கிட்டா என்றார் அண்ணன். நான் அவர் இடப்பக்கம் நின்று, முகம் துடைக்க ஒரு துண்டை நீட்டிக்கொண்டிருந்தேன். நீட்டியது நீட்டியபடியே இருந்தது. அவர் பேசிக்கொண்டே போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"துண்டு, அண்ணே," என்றேன்.

அவர் குழாயை மூடினார். பிறகு சொன்னார். ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடது கண்ணில் திரை விழுந்ததுபோல் இருந்ததாம். கண்ணுக்குள் ஏதோ ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம், இனி அதில் பார்வை வராது என்று டவுன் கண் டாக்டர் சொல்லிவிட்டாராம். வலது கண்ணுக்கு ஒன்றுமில்லையாம். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழகினால் போதும் என்றும் சொன்னாராம்.

"அப்ப ஏன் திருப்பல?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"திருப்பினா உனக்குத் தெரிஞ்சிடும் மாப்ளே. கொஞ்ச நாளா நீ என் முதுகையேதான் பாத்துட்டு வர்றே. எனக்குத் தெரியாதா? எப்ப இவன் தடுமாறுவான், எப்ப முன்னாடி போகலாம்னு."

அண்ணன் மறைக்கிறார் என்று என் வீட்டுக்காரர் முதுகைப் பார்க்க, முதுகைப் பார்க்கிறார் என்று அண்ணன் இன்னும் மறைக்க, நடுவில் ஒரு மனிதர் தூங்குமூஞ்சிமேல் போய் ஏறப் பார்த்திருக்கிறார். எனக்கு இருவரையும் அந்தக் குழாயாலேயே அடிக்கலாம்போல் இருந்தது. விடுதிக்காரரிடம் எதற்குப் போனீர்கள் என்று நான் கேட்டேன். வேலை கேட்கத்தான் போனாராம். பாறையை விற்க இல்லை. கரையில் நின்று அவர்களுடைய கயாக்குகளைக் கழுவி அடுக்குகிற வேலை.

"அந்த ஆள்கிட்ட கண்ணைப் பத்திச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"முன்பின் தெரியாதவர்கிட்ட சொல்லியிருக்கீங்க. எங்கிட்ட சொல்லல."

"அவன் எனக்கு யாருமில்லையே," என்றார் அண்ணன். "அவன் என்னைப் பாவம்னு நினைச்சா நினைச்சுட்டுப் போறான்."

என் வீட்டுக்காரர் அதற்குமேல் பொறுக்கவில்லை. டாக்டர் செத்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள், நான் உங்களிடம் எதைப் பிடுங்க வந்தேன், இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது உங்களைத் தாண்டித் துடுப்புப் போட்டேனா என்று கத்தினார். இனி முதல் கயாக்கில் நீங்கள் போகக்கூடாது என்றும் சொன்னார். அண்ணன் தலையாட்டினார். கொட்டகைச் சாவிக்கொத்தைக் கொக்கியில் மாட்டினார். எங்கள் வீட்டுக்கு மேலே, மாடியில் இருக்கிற தன் வீட்டுக்கு ஏறிப் போய்விட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அண்ணிதான் கீழே வந்தார். உங்க அண்ணன் விடுதிக்குப் போயிட்டாரு, இன்னிக்கே சேந்துக்கறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு என்றார். கண் வீங்கியிருந்தது. இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்கு என் கையைப் பிடித்துக்கொண்டார். கொட்டகை வாசலில், கடலுக்குப் போக வந்தவர்கள் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய்போல் அசையாமல் கிடந்தது. என் வீட்டுக்காரர் அவர்களிடம் போய், இன்றைக்குக் காற்று சரியில்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

நான் கடைசியில் வருகிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்றேன். வேண்டாம் என்றார். கயாக்குகளை மறுபடி அடுக்கிக்கொண்டே, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் பேசினார். கடைசியில் வருகிறவருக்கு ஆட்களெல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் இருப்பார்கள், தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தால் ஒரு கண் போதும், அந்த மனிதருக்கு அலை எழுவது வயிற்றிலேயே தெரியும், எனக்கு அப்படித் தெரியாது என்றார். பிறகு கயாக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் பின்னாடி வராட்டி நான் கரையை விட்டு இறங்க மாட்டேன், போய்ச் சொல்லு என்றார்.

விடுதிக்கு மேட்டில் ஏறிப் போனேன். பின்பக்கம் சிமெண்டுத் தளத்தில் அவர்களுடைய புதிய கயாக்குகளைக் குப்புறப் போட்டு அண்ணன் கழுவிக்கொண்டிருந்தார். விடுதிச் சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. சுற்றி நாலைந்து வேலையாட்கள் இருந்தார்கள். நான் வேண்டுமென்றே அவருடைய இடப்பக்கம் போய் நின்றேன். அண்ணே என்றேன். அவர் கை நின்றது. முகம் திரும்பவில்லை.

"யார் அனுப்பினா?" என்றார்.

"உங்க மாப்பிள்ளை. முன்னாடி அவர் போறாராம், பின்னாடி நீங்க வரணுமாம். வராட்டி தொழிலே வேண்டாம்னு உக்காந்திருக்காரு."

அவர் தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம் பாத்துக் கூப்பிடறானா?"

"பாவமா? அவருக்கு உங்கமேல இருக்கிற கோவத்துக்கு நேர்ல பாத்தா கடிச்சு வெச்சிடுவாரு. நேத்துலேர்ந்து சாப்பிடல. என்னைப் போய்த் திருடன்னு நெனச்சுட்டாரேன்னு சுவத்தைப் பாத்துத் திட்டிட்டு இருக்காரு."

அதை அவர் நம்பினார் என்று தெரிந்தது. என் அண்ணனிடம் அன்பாக எதைச் சொன்னாலும் அதில் என்ன உள்நோக்கம் என்று தேடுவார். திட்டை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்வார். குழாயைக் கீழே போட்டார். வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலையை முழுக்க, தாடை தோளில் இடிக்கிற அளவுக்கு, இடப்பக்கம் திருப்பினார். வலது கண் என்னைத் தேடிப் பிடித்தது.

"நீ இளைச்சுட்டே," என்றார்.